இரண்டு நிமிடப் பூட்டு

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றட்டும். அது நின்றால் பட்டியல் வரும், பட்டியல் வந்தால் அதில் எங்கோ ஒரு வரியில் நான் இருப்பேன், என் பெயரில் அல்ல, வார்டு நர்ஸ் லூர்து சிஸ்டரின் பெயரில். "ஒரு மாசத்துப் பதிவும் வரணும்ல டாக்டர், கொஞ்சம் பொறுக்கணும்," என்று பெனிலா சிரிக்கிறாள், டாக்டர் சௌரிராஜனும் சிரிக்கிறார். தாமதத்தைக்கூட அடுப்பில் பலகாரம் வெந்துகொண்டிருப்பதுபோல அவளால் சொல்லிவிட முடிகிறது. நான் சொல்லியிருந்தால் அது மன்னிப்பாக வெளியே வந்திருக்கும், டாக்டர் கடிகாரத்தைப் பார்த்திருப்பார். நல்லவேளை, நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை. மேசையின் கடைசியில், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்த நீல வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று குறிப்பு எடுப்பது என் வேலை. மூன்று வருடமாக எல்லாக் கூட்டத்திலும் அதுதான். "மங்கை எழுதிடுவா," என்று முகுந்தன் சார் ஒருமுறை சொன்னார், அது அப்படியே நின்றுவிட்டது. அவர்தான் எங்கள் டீமுக்குத் தலைவர். இப்போது உப்பு பிஸ்கட்டை இரண்டாக உடைத்து ஒரு பாதியை மட்டும் தின்றுகொண்டிருக்கிறார், பதற்றமாக இருக்கிறார் என்று அர்த்தம். திங்கட்கிழமையிலிருந்து இந்த ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட் எல்லாமே எங்கள் மென்பொருளுக்குள் வந்துவிடும். மூன்று வார்டில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தாயிற்று. கடைசியாக ஒன்றை மட்டும் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். எந்த நோயாளியின் ஷீட்டை யார், எப்போது, எதற்குத் திறந்தார்கள் என்ற பட்டியல். அதற்கு ஒரு மாதிரிப் பட்டியல் வைத்திருந்தோம், பொய்ப் பெயர்களோடு, நான் நேற்றே சரிபார்த்தது. அதை நம்பித்தான் காலையில் நான்கு இட்லி சாப்பிட்டேன். "சாம்பிள் எல்லாம் வேணாம்மா. என் ஆஸ்பத்திரியில நடந்ததைக் காட்டு," என்றார். பெனிலா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கென்ன டாக்டர்," என்று தேதியை மாற்றித் தட்டிவிட்டாள்.

அதுக்கென்ன. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டாள். எனக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவள். நாகர்கோவிலிலிருந்து ஒரு சூட்கேஸும் ஒரு பலாப்பழமுமாக வந்து இறங்கினாள், தில்லை நகரில் பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் ஆபீஸ் முழுக்க அன்று பலாப்பழ வாசனை, சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் அவள் பெயர் தெரிந்துவிட்டது. என் பெயரை வாட்ச்மேன் இன்னும் மங்களம் என்கிறார். நானும் திருத்தியதில்லை. மதியம் என் டிபன் பாக்ஸைக் கேட்காமலே திறப்பாள். "மக்களே, ஒனக்க வீட்டுப் புளிக்கொழம்பு இருந்தா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." மக்களே. முதல் வாரம் அந்தச் சொல்லை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை வாய்க்குள் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது வாரம் அவள் லிஃப்ட் இயக்குகிறவரையும் மக்களே என்றாள், டீ கொண்டுவருகிற பெண்ணையும், போனில் யாரோ பேங்க்காரனையும். அன்று நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் பக்கத்தில் போய்ச் சாப்பிட்டேன். அவள் அங்கேயும் வந்தாள். "என்ன, இங்க காத்து நல்லாருக்கா?" இதுதான் எனக்குத் தாங்காதது. அவள் கெட்டவளாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன், வெறுப்பு ஒரு வேலை, முடித்துவிடலாம். இதை முடிக்க முடியவில்லை. இது பல்லிடுக்கில் மாட்டிய நார்போல, நாக்கு அங்கேயே போகிறது. இப்போது பாருங்கள், புரொஜெக்டர் வெளிச்சம் அவள் கழுத்தில் விழுகிறது. கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி, அதில் கண்ணுக்குத் தெரியாத சிலுவை. "நாங்க இப்படித்தான் யோசிச்சோம் டாக்டர்," என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்னாள். "ஒரு பேஷண்ட் வேற வார்டுல இருந்தாலோ, டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருந்தாலோ, அவங்க ஷீட்டைத் திறக்க வேண்டாம்னு தடுக்க மாட்டோம். உசிர் போற நேரத்துல தடுக்கக் கூடாதில்லையா. ஏன் திறக்கிறீங்கன்னு மட்டும் கேப்போம். பதினஞ்சு எழுத்துக்குக் குறையாம காரணம் எழுதினாத்தான் திறக்கும்." நாங்க. அந்த நாங்க-வுக்குள் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன், வாளிக்குப் பக்கத்திலா. காரணம் கேட்கும் அந்தப் பெட்டி என்னுடையது. பதினைந்து என்ற எண் என்னுடையது. இரண்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும், திறக்கப் பன்னிரண்டு எழுத்துப் பாஸ்வேர்டு வேண்டும் என்பதும் என்னுடையதுதான்.

அந்தப் பூட்டுக்காக நான் பேசினேன். மூன்று வருடத்தில் ஒரு கூட்டத்தில் நான் வாயைத் திறந்தது அந்த ஒருமுறைதான். பெனிலா வேறு சொன்னாள். "ஆர்க்கு நேரம் இருக்கு சார் பன்னெண்டு எழுத்து அடிக்க? கழுத்துல தொங்குற கார்டைத் தட்டினா திறக்கணும், எடுத்தா பூட்டணும்." நல்ல யோசனை. கேட்ட உடனேயே நல்ல யோசனை என்று தெரிந்தது, தெரிந்த உடனே எனக்குக் காது சூடாகிவிட்டது. கார்டு திருடு போனால், என்றேன். கார்டை இன்னொருத்தருக்குக் கொடுத்தால், என்றேன். என் குரல் எனக்கே யாரோ அடுத்த அறையில் ரேடியோ வைத்தமாதிரி இருந்தது. முகுந்தன் சார் குழம்பினார். கடைசியில் அவளே, "மங்கை சொல்லுததும் சரிதான் சார்," என்று விட்டுக்கொடுத்துவிட்டாள். ஜெயித்தேன். அவள் விட்டதால் ஜெயித்தேன். அன்று ராத்திரி சாதம் இறங்கவில்லை, அம்மா ஒவ்வொரு வாய்க்கும் ஏன் ஏன் என்று கேட்டாள். வட்டம் இன்னும் சுற்றுகிறது. சொட்டு. டாக்டர் பேனாவை மூடுகிறார், திறக்கிறார்.

பிறகு போன மாதம் நான்கு நாள் லீவு. "பெனிலாவுக்கு உடம்பு சரியில்ல. யாரும் போன் பண்ண வேணாம், அவ வேலையை மங்கை பாத்துக்குவா," என்றார் முகுந்தன் சார், முகத்தை மென்மையாக வைத்துக்கொண்டு. எனக்கு டைபாய்டு வந்தபோது மூன்றாம் நாளே கூப்பிட்டவர். ஊசி குத்திய கையில் போனைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கோப்பு எந்த இடத்தில் என்று நான் சொன்னேன், நடுவில் ஒருதரம் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் சொன்னேன். அவளுக்கு மட்டும் யாரும் கூப்பிடக்கூடாது. என்ன உடம்பு அப்படி. நான்கு நாளும் அவள் வேலையைச் செய்தேன், அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டு. திரும்பி வந்தபோது கொஞ்சம் இளைத்திருந்தாள். இடது புறங்கையில் பிளாஸ்திரி எடுத்த சதுரம் இருந்தது, அதைச் சுற்றி அழுக்கு கோடாக ஒட்டியிருந்தது. படுத்திருந்தது இதே ஆஸ்பத்திரியில்தான், எங்கள் ஆபீஸ் ஆட்களுக்கு எப்போதும் இதுதான். யாருமே அந்தச் சதுரத்தைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கவேண்டும். அவ்வளவுதானே. லிஃப்டில் இரண்டு நாள் அந்தக் கேள்வியைத் தயார் செய்தேன். கதவு திறக்கும், அவள் வேறு யாருக்கோ கையசைப்பாள், மூடிவிடும். கேட்காத கேள்வி உள்ளேயே கிடந்து புளித்தது. மூன்றாவது நாள் அது வேறொன்றாக மாறியிருந்தது. உண்மையிலேயே உடம்பு சரியில்லையா?

அதற்கு அடுத்த வாரம்தான் என்னை வார்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாம் மாடி பெண்கள் வார்டு, நர்ஸ்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், மூன்று நாள். நாங்கள் எழுதியதை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து அறிக்கை எழுதவேண்டும். "பெனிலா போனா எல்லார்கூடவும் பேசிருவா, வேலை நடக்காது. மங்கைன்னா இருக்கிற இடமே தெரியாது," என்றார் சார். பாராட்டாகத்தான் சொன்னார். முதல் நாள் பத்து மணிக்குள் பார்த்துவிட்டேன். லூர்து சிஸ்டர் என்றைக்கோ ஒருமுறை பன்னிரண்டு எழுத்தையும் அடித்துத் திறந்துவைத்ததுதான். அதற்குப் பிறகு ராத்திரியிலும் அது பூட்டவே பூட்டாது. மருந்துத் தட்டோடு போகிறவள், பெட்பேன் எடுத்துக்கொண்டு போகிறவள், போன் எடுக்க வருகிறவள், மேசையைக் கடக்கிற ஒவ்வொருத்தியும் ஒரு விரலால் மௌஸைத் தட்டிவிட்டுப் போவார்கள். பேச்சு நிற்காது, நடை நிற்காது, விரல் மட்டும் தனியாகப் போய்த் தொட்டுவிட்டு வரும், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. என் இரண்டு நிமிடத்தை அவர்கள் அப்படி அடக்கிவைத்திருந்தார்கள். யார் எதைத் திறந்தாலும் லூர்து சிஸ்டர் பெயரில்தான் விழும். காரணம் கேட்டால் டூட்டி டூட்டி டூட்டி டூட்டி என்று பதினைந்து எழுத்து வரும்வரை அடிப்பார்கள். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். லூர்து சிஸ்டர் என்னிடம் குனிந்தார், ஸ்பிரிட் வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் கலந்து. "பாப்பா, சும்மாத்தான உக்காந்திருக்க. அந்த மௌஸை அப்பப்ப ஆட்டிவிட்டுக்கிட்டே இரு கண்ணு. பூட்டிக்கிச்சுன்னா எங்க உசிரு போவுது. எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ, கையில கெடச்சான்னா பின்பக்கமா ரெண்டு ஊசி போடுவேன்." எல்லோரும் சிரித்தார்கள், ஒரு நோயாளிகூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்று நாளும் மௌஸை ஆட்டினேன். என் பூட்டு விழாமல் நானே பார்த்துக்கொண்டேன். மத்தியானம் அவர்கள் எனக்கு ஒரு மீன் துண்டு வைத்தார்கள், நான் சாப்பிடுவதில்லை என்றதும் "அய்யய்யோ ஐயர் வீடா?" என்றார்கள், பிள்ளைமார் என்றேன், அதற்கும் சிரித்தார்கள். யாருக்கோ நான் உதவியாக இருந்தேன். அறிக்கையில் அதை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், நன்றாகத் தெரியும். எழுதினால் பெனிலா சொன்னது சரி என்று ஆகிவிடும்.

மூன்றாம் நாள், இரண்டு நாற்பது. லூர்து சிஸ்டர் பிரசவ வார்டுக்கு எதற்கோ போயிருந்தார், மற்றவர்கள் திரைக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், டிபன் மூடிகள் சத்தம் கேட்டது. என் கை மௌஸில். ஆட்டுகிற கைதானே, கொஞ்சம் தள்ளிப் போனது. பெயர் என்ற கட்டத்தில் நான்கு எழுத்து அடித்தால் மீதி தானாக வரும், அதையும் நாங்கள்தான் வைத்தோம். வந்தது. தொட்டேன். என் பெட்டி என்னைக் கேட்டது, ஏன் திறக்கிறீர்கள். எனக்கு டூட்டி டூட்டி என்று அடிக்க வரவில்லை. படித்த புத்தி. சரிபார்ப்பதற்காக மட்டும் திறக்கப்பட்டது என்று ஒரு முழு வாக்கியம் ஆங்கிலத்தில் அடித்தேன், எங்கள் ஆபீஸில் நான் தினமும் எழுதுகிற வாக்கியம், பெனிலா தினமும் படிக்கிற வாக்கியம். திறந்தது. ஒரு பக்கம். அந்த முதல் பக்கத்தில், வேண்டாம், இப்போது வேண்டாம். பதினொரு விநாடி. மூடிவிட்டேன். ரெக்ஸின் ஸ்டூலில் தொடை ஒட்டிக்கொண்டு, எழுந்தபோது பிய்த்துக்கொண்டு வந்தது.

வட்டம் நிற்கிறது. பட்டியல் மேலிருந்து கீழே விழுகிறது, மழைபோல. "இருநூத்திப் பதினாலு," என்று டாக்டர் தானே படிக்கிறார். "ஒரே பேர்ல மட்டும் இவ்வளவா? லூர்துமேரி. இது யாரு, செகண்ட் ஃப்ளோர் இன்சார்ஜா?" பெனிலா திரும்பி முகுந்தன் சாரைப் பார்க்கிறாள், முகுந்தன் சார் பிஸ்கட்டைப் பார்க்கிறார். அவளுக்குத் தெரியாது. அறிக்கையில் நான் எழுதியிருந்தால் தெரிந்திருக்கும். டாக்டர் போனை எடுத்து, லூர்துவை மேலே வரச்சொல்லுங்கள் என்கிறார். காத்திருக்கிறோம். பெனிலா பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருக்கிறாள். என் விரல்கள் குறிப்பு எடுக்கின்றன, லூர்துமேரி அழைக்கப்பட்டார், செயப்பாட்டு வினை எவ்வளவு வசதியான இடம், அதற்குள் யாருமே இல்லை. வேறு எதுவும் கேட்காமல் இருந்தால் போதும். இருநூற்றுப் பதினான்கில் ஒரு வரியை யார் பார்க்கப்போகிறார்கள். ஆற்றில் ஒரு செம்புத் தண்ணீர். சொட்டு. வாளி பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது, யாராவது எடுத்து ஊற்றவேண்டும், நானே எடுத்துக்கொண்டு வெளியே போனால் என்ன. கதவு திறக்கிறது. லூர்து சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கதவுக்கு உள்ளே ஓர் அடியில் நின்றுவிடுகிறார். இங்கே அவர் வார்டில் இருப்பதைவிடக் குள்ளமாக இருக்கிறார். என்னைப் பார்த்து ஒரு சிறு சிரிப்பு, பாப்பா நீயும் இங்கதானா என்பதுபோல.

"என்ன சிஸ்டர், ஒரு மாசத்துல இருநூத்திப் பதினாலு ஷீட் பாத்திருக்கீங்க. வேற வார்டு ஆளுங்களது. ராத்திரி ரெண்டரைக்கும் நீங்கதான், காலைல ஆறுக்கும் நீங்கதான். பதினேழாம் தேதி நீங்க லீவு. அன்னைக்கும் ஒன்பது." லூர்து சிஸ்டர் திரையைப் பார்க்கிறார். "அவ்வளவா டாக்டர்?" "நான் உங்களைக் கேக்கறேன்." "நான்தான் டாக்டர்." "லீவு அன்னைக்கு எப்படி நீங்க?" "வார்டுல இருக்கறது எல்லாம் எம் பொண்ணுங்க டாக்டர். எதுன்னாலும் நான்தான்னு வச்சுக்கங்க." "வச்சுக்கற விஷயம் இல்ல இது," என்கிறார் டாக்டர், கோபமாக அல்ல, அதுதான் பயமாக இருக்கிறது. "டூட்டின்னு போட்டு வேற வார்டுல இருக்கிறவங்களைப் பாத்தீங்க, போகட்டும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனவங்க ஷீட்டை எதுக்குத் தொடணும்? ஒருத்தர் வியாதி வெளில போச்சுன்னா அப்புறம் இங்க யாரு வருவா? அதை மட்டும் தனியா காட்டும்மா." பெனிலா தட்டுகிறாள். மூன்று வரி. முதல் இரண்டுக்கும் பக்கத்திலேயே அன்றைக்கே திரும்பி வந்து சேர்ந்ததாக இருக்கிறது. மூன்றாவது, இரண்டு நாற்பது, பதினொரு விநாடி, அந்த வாக்கியம், முழுசாக, இஸ்திரி போட்டதுபோல, டூட்டிகளுக்குக் கீழே. பெயர் வராது, பட்டியலே ரகசியத்தை வெளியே விடக்கூடாது என்று எண்ணை மட்டும்தான் வைத்தோம். 4471 என்று முடிகிறது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் பெனிலாவின் மணிக்கட்டில் கட்டியிருந்த எண். பெனிலாவின் கை நின்றுவிட்டது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, கழுத்து மட்டும் தெரிகிறது. அந்தக் கழுத்து எண்ணைப் படிக்கிறது. பிறகு வாக்கியத்தைப் படிக்கிறது. இரண்டு வருடமாகத் தினமும் படித்த வாக்கியம். அவள் திரும்பவில்லை. திரும்பாததிலிருந்து எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதுக்கு மட்டும் மெமோ குடுக்கச் சொல்றேன்," என்கிறார் டாக்டர். "டாக்டர்," என்கிறாள் பெனிலா, "இது எனக்க ஷீட்டாக்கும்." அவள் டாக்டரிடம் ஊர்ப்பேச்சு பேசமாட்டாள், இப்போது வந்துவிட்டது. "நான் போன மாசம் இங்க அட்மிட் ஆகியிருந்தேன்லா. சரியா ஏறியிருக்கான்னு டெஸ்ட் பண்ண நானே வார்டுல வந்து திறந்து பாத்தேன். நான்தான்." அவள் படுத்திருந்தது வேறு வார்டில், அந்த வார்டுப் பக்கம் வந்ததே இல்லை. பொய். என்ன அழகான பொய், கை நீட்டியதும் எடுத்துக் கொடுத்ததுபோல. டாக்டரின் முகம் ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இறுகுகிறது. "அப்ப லூர்து, வெளி ஆளுக்கு உங்க பாஸ்வேர்டைக் குடுத்தீங்க?" லூர்து சிஸ்டர் பெனிலாவைப் பார்க்கிறார், வாழ்க்கையில் முதல்முறையாக. பிறகு என்னைப் பார்க்கிறார். இரண்டு நாற்பதுக்கு அந்த ஸ்டூலில் யார் இருந்தது என்று அவருக்குத் தெரியாதா. ஒரு வார்த்தை போதும் அவருக்கு. "ஆமா டாக்டர்," என்கிறார். "எந் தப்புதான்." டாக்டர் பேனாவைத் திறக்கிறார்.

இரண்டு பேர். இந்த அறையில் இரண்டு பேர் செய்யாததற்கு நான்தான் என்று சொல்லிவிட்டார்கள், செய்தவள் அதைக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாள். வந்தது நன்றியாக இருக்கவேண்டும். வரவில்லை. வந்தது அதே பழைய சூடு, காதிலிருந்து கழுத்துக்கு. இதையும் அவளே எடுத்துக்கொண்டாள். என் தப்பைக்கூட என்னிடம் விட்டுவைக்கவில்லை, டிபன் பாக்ஸைத் திறப்பதுபோல கேட்காமல் எடுத்துக்கொண்டாள். இனி வாழ்நாள் முழுக்க அவள் எனக்கு இதைச் செய்தவள், ஒருநாளும் சொல்லிக்காட்டமாட்டாள், அதுவும் சேர்ந்துகொள்ளும். பதினொரு விநாடியில் நான் நோயைப் பார்க்கவில்லை. அதுவரை போகவில்லை. முதல் பக்கம், பெயர், வயது, ரத்த வகை, ஹாஸ்டல் விலாசம், அதற்குக் கீழே அவசரத்துக்கு அழைக்கவேண்டியவர். மங்கையர்க்கரசி. உறவு, தோழி. என் எண். பார்க்காமலே மனப்பாடமாக எழுதியிருக்கிறாள் என்று ஏனோ தோன்றியது. லிஃப்ட் ஆளும் மக்களே, பேங்க்காரனும் மக்களே, ஆனால் அந்தக் கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். மூடிவிட்டு மௌஸை ஆட்டினேன், ஆட்டினேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், அந்தக் கட்டத்தில் நான் யார் பெயரை எழுதுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மாவைத் தவிர யாரும் வரவில்லை. பெனிலா பெயர் எனக்குத் தோன்றவே இல்லை. அதில்தான் அவள்மேல் எனக்கு மிகப் பெரிய பொறாமை, அவள் திறமைமேல் இல்லை, சிரிப்புமேல் இல்லை. என்னைப் போல ஒருத்தியின் பெயரை அப்படி யோசிக்காமல் எழுத முடிகிறதே, அதன்மேல்.

"இல்ல டாக்டர்." யார் குரல் அது, அடுத்த அறை ரேடியோ. எல்லாத் தலையும் வாளியின் பக்கம் திரும்புகிறது. "பெனிலா வார்டுக்கு வரவே இல்ல. சிஸ்டர் யாருக்கும் பாஸ்வேர்டு குடுக்கல. அது பூட்டாம இருந்துச்சு. பூட்டாம மௌஸை ஆட்டிக்கிட்டு இருந்தது நான். திறந்ததும் நான்." முகுந்தன் சார், "மங்கை," என்கிறார், மீதிப் பாதி பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்கிறார், ஒரு மாதமாக வாரம் இருமுறை பார்த்த முகத்தை. "நீ யாரும்மா?" "மங்கையர்க்கரசி டாக்டர். அந்த ரெண்டு நிமிஷப் பூட்டை எழுதினவ. கார்டு வைக்கலாம்னு பெனிலா சொன்னா. நான்தான் வேணாம்னேன். நர்ஸுங்க வேலைக்கு அது ஒத்துவரலன்னு மூணு நாள் கண்ணால பாத்தேன், அதையும் எழுதல." கதவருகே, "அடியாத்தீ, அந்தப் புண்ணியவான் நீயா?" என்று லூர்து சிஸ்டர் மூச்சோடு சொல்வது கேட்கிறது. நான்தான் என்று சொல்வது இவ்வளவுதானா, வாய் கொஞ்சம் உலர்ந்துபோகிறது, அவ்வளவுதான். என் வேலை போகலாம். திங்கட்கிழமை தள்ளிப்போகலாம். பெனிலா இப்போது முழுசாகத் திரும்பியிருக்கிறாள், புரொஜெக்டர் வெளிச்சத்தில் பட்டியலின் வரிகள் அவள் நெற்றியில் ஓடுகின்றன, அவளிடம் சொல்ல எதுவும் தயாராக இல்லை. அதை முதல்முறையாகப் பார்க்கிறேன். ஒரு துளி சந்தோஷம்கூட வருகிறது எனக்கு, அசிங்கமான, உண்மையான ஒரு துளி.

"சரி," என்கிறார் டாக்டர். "எதுக்காக இந்தப் பொண்ணு ஷீட்டைத் திறந்த? காரணம் என்ன?" பதினைந்து எழுத்துக்குக் குறையாமல். சரிபார்ப்பதற்காக மட்டும் என்று ஒன்று இருக்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது என்ற கவலையில் என்று ஒன்று செய்யலாம், அது பாதி உண்மைகூட. என்னிடம் இருக்கிற காரணம் ரொம்பச் சின்னது, என் பெட்டியே அதை வாங்கிக்கொள்ளாது. "பொறாமை, டாக்டர்." சொட்டு. "எனக்க மேலயா?" என்கிறாள் பெனிலா, மெதுவாக, நிஜமாகவே தெரியாமல், புறங்கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டு. தலையாட்டுகிறேன். அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், நானும். அப்போது சுவரில் பட்டியல் மறைந்து திரை கறுத்து, நடுவில் வெள்ளையாக அந்தச் சின்னக் கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்கிறது. இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. கதவருகே லூர்து சிஸ்டரின் விரல் பழக்கத்தில் ஒருமுறை அசைந்து நிற்கிறது. மௌஸ் பெனிலாவின் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவள் அதைத் தொடவில்லை.